ஒற்றை கிட்டாரில் ஆராதனைப் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, பாடுபவரும் இல்லை. ஒரே ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், அதில் முழுப் பாட்டு. சென்னையில் சபைகளிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் வாசிப்பவர்களும், என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சாதாரண கார்டுகள் பிடிக்க வரும், ஓரளவு ஸ்ட்ரம்மிங் வரும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது. தந்தி எண் சொல்லும்போது மெல்லிய தந்திதான் முதல் தந்தி.

பாடிக்கொண்டே அடிக்கும் கார்டுகளையே பாடாமல் அடித்தால் போதாதா?

போதாது. ஜி, சி, டி, இ மைனர் என்ற நான்கு கார்டுக்குள் அடங்கும் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மெட்டு இல்லாமல் கார்டு மட்டும் அடித்தால் எந்தப் பாட்டு என்று யாருக்கும் தெரியாது. ஒற்றை கிட்டாரில் மெட்டை வலதுகையின் நடுவிரலும் மோதிர விரலும் மெல்லிய தந்திகளில் எடுக்கும். பேஸைக் கட்டைவிரல் தடித்த தந்திகளில் எடுக்கும். நடுவே இடம் இருந்தால் ஆள்காட்டி விரல் ஒன்றிரண்டு சுரங்களை நிரப்பும், இல்லையென்றால் சும்மா இருக்கும்.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பாட்டு தெரிந்த ஒருவர் கேட்கும்போது அவர் மனதுக்குள் வார்த்தைகள் ஓட வேண்டும். எந்தப் பாட்டு என்று சொல்லாமல் வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாசித்துக் காட்டுங்கள். இரண்டாவது வரிக்குள் அவர் உதடு அசைந்தால் வாசிப்பு சரி. அசையவில்லை என்றால், எவ்வளவு அழகான கார்டு போட்டிருந்தாலும் ஏதோ ஒன்று மெட்டை மறைக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட வேண்டும்.

முதலில் எந்தப் பாட்டை எடுப்பது?

உங்களுக்கு வரி தவறாமல் பாடத் தெரிந்த பாட்டை. பிடித்த பாட்டு என்பது இரண்டாவது தகுதிதான். மெட்டின் எல்லை ஒரு ஸ்தாயிக்குள் அடங்கினால் நல்லது. வேகம் குறைவாக, ஒரு கார்டு ஓர் அளவு (பார்) முழுக்க நிற்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. கன்வென்ஷன் மேடையில் பெரிய பேண்டோடு கேட்டுச் சிலிர்த்த பாட்டை முதலில் எடுக்காதீர்கள். அந்தச் சிலிர்ப்பில் பாதி டிரம்ஸும் கூட்டமும் கொடுத்தது. கிட்டாரில் அது வராது, மனம் சோர்ந்துவிடும்.

எந்த ஸ்கேலில் வைப்பது?

பாடுபவரின் குரலுக்காகத் தேர்ந்தெடுத்த ஸ்கேலை இங்கே மறந்துவிடலாம். கிட்டாருக்கு வேண்டியது இரண்டு: மெட்டு முதல் மூன்று தந்திகளுக்குள் விழ வேண்டும், முக்கியமான பேஸ் சுரங்கள் திறந்த தந்தியில் கிடைக்க வேண்டும். ஆறாம் தந்தி இ, ஐந்தாம் தந்தி ஏ, நான்காம் தந்தி டி. அதனால் டி, ஏ, இ, ஜி, சி ஆகிய ஸ்கேல்களில் கை சுலபமாக இருக்கும். மெட்டின் மிகத் தாழ்ந்த சுரம் எது, மிக உயர்ந்தது எது என்று முதலில் பாடிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்தது மூன்றாம் தந்திக்குக் கீழே போகாத, உயர்ந்தது முதல் தந்தியின் ஏழாம் ஃபிரெட்டைத் தாண்டாத ஸ்கேல் எதுவோ அதுதான் உங்கள் ஸ்கேல். ஒரு பாட்டுக்கு இந்தக் கணக்கைப் பார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. பார்க்காமல் தொடங்கினால் பாதிப் பாட்டில் கை மாட்டிக்கொள்ளும்.

ஒரே ஒரு வரியையாவது படிப்படியாகக் காட்ட முடியுமா?

எல்லோருக்கும் தெரிந்த "அமேசிங் கிரேஸ்" பாட்டை எடுத்துக்கொள்வோம். ஜான் நியூட்டனின் வரிகள் 1779-ல் அச்சானவை. இன்று பாடும் மெட்டு அந்த வரிகளோடு சேர்ந்தது 1835-ல், அமெரிக்காவில். மெட்டில் ஐந்தே சுரங்கள், நம் மோகன ராகத்தில் வரும் அதே ஐந்து. அளவு மூன்று எண்ணிக்கை.

டி ஸ்கேலில் வையுங்கள், டியூனிங் மாற்ற வேண்டாம். இடதுகையால் சாதாரண டி கார்டைப் பிடியுங்கள்: ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தி 2-ம் ஃபிரெட், மோதிர விரல் இரண்டாம் தந்தி 3-ம் ஃபிரெட், நடுவிரல் முதல் தந்தி 2-ம் ஃபிரெட். முதல் வரி ஸ்வரத்தில் "ப, ஸ, கஸ, க, ரி, ஸ, த, ப" என்று போகும். தொடக்கத்துப் பஞ்சமம் மூன்றாம் தந்தியில் ஏற்கனவே உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தனியாக மீட்டுங்கள், பேஸ் வேண்டாம். அடுத்த ஸட்ஜமம் இரண்டாம் தந்தியில் மோதிர விரலுக்கு அடியில். அதோடு சேர்த்துக் கட்டைவிரலால் திறந்த நான்காம் தந்தி. காந்தாரம் முதல் தந்தியில் நடுவிரலுக்கு அடியில். ரிஷபத்துக்கு நடுவிரலை எடுத்தால் போதும், திறந்த முதல் தந்திதான் ரிஷபம்.

அடுத்த ஸட்ஜமத்துக்குக் கார்டு ஜி. இங்கே பெரும்பாலானவர்கள் முழுக் கையையும் தூக்கி ஜி கார்டு பிடிப்பார்கள், மெட்டு அறுந்துவிடும். மோதிர விரலை இருந்த இடத்திலேயே விடுங்கள், ஸட்ஜமம் அங்கேதான் இருக்கிறது. நடுவிரலை மட்டும் ஆறாம் தந்தி 3-ம் ஃபிரெட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டைவிரலால் மீட்டுங்கள். மோதிர விரலைத் தூக்கினால் திறந்த இரண்டாம் தந்தி, அதுதான் தைவதம். ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தியில் திரும்ப வந்தால் பஞ்சமம், அடியில் மறுபடி நான்காம் தந்தி பேஸ். வரி முடிந்தது. பிறகு வரும் மேல் பஞ்சமம் முதல் தந்தி 5-ம் ஃபிரெட், சுண்டுவிரலுக்கு எட்டும் தூரம்தான்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, நடுவே இருக்கும் தந்திகளை எப்போது நிரப்பலாம் என்று பாருங்கள். ஒரு வார்த்தை இரண்டு எண்ணிக்கை நீளும் இடத்தில் மட்டும், இரண்டாவது எண்ணிக்கையில் மூன்றாம் தந்தியை மெதுவாகத் தொட்டால் போதும். மெட்டு நடந்துகொண்டிருக்கும்போது நிரப்பாதீர்கள்.

மெட்டு கேட்கவில்லை, எல்லாச் சுரமும் ஒரே சத்தமாக வருகிறது. என்ன செய்வது?

மெட்டு சுரத்தை மீட்டும் விரல், மீட்டிய பின் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கட்டும். கிளாசிக்கல் கிட்டாரில் இதை முறையாகவே சொல்லித்தருகிறார்கள். ஒலி கனமாகும். மற்ற விரல்கள் தந்தியைத் தொட்டுவிட்டுக் காற்றில் எழும்பட்டும். இரண்டும் சேர்ந்து வரும்போது மெட்டு தானாக முன்னால் வந்து நிற்கும். பெரும்பாலும் கட்டைவிரல்தான் குற்றவாளி, ஸ்ட்ரம்மிங் பழக்கத்தில் அது ஓங்கி அடிக்கும். ஒரு வாரம் கட்டைவிரலை வேண்டுமென்றே ரகசியம் பேசுவதுபோல வாசிக்கவையுங்கள்.

அடுத்து, தமிழ்ப் பாட்டுக்கே உரிய ஒன்று. வரியைச் சொல்லிப் பாருங்கள், எது குறில், எது நெடில், எங்கே ஒற்று நிற்கிறது என்று. நெடில் வரும் சுரத்தை அடுத்த சுரம் வரும்வரை ஒலிக்கவிடுங்கள். "சித்தம்", "பக்தர்" மாதிரி வல்லின ஒற்று வரும் இடத்தில் விரலை ஒரு கணம் தளர்த்திச் சுரத்தை நறுக்கென்று நிறுத்துங்கள். வல்லினம் ஓங்கும் சொல்லைப் பாலத்துக்கு (உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) பக்கத்தில், மெல்லினம் குழையும் சொல்லை ஒலித்துளைக்கு மேல் மீட்டிப் பாருங்கள். மெட்டு ஒரே மெட்டுதான். ஆனால் இரண்டாம் சரணம் முதல் சரணம் மாதிரி ஒலிக்காது, ஏனென்றால் சொற்கள் வேறு. இந்த ஒரு பழக்கம், நான் பார்த்தவரை, வேறு எந்தப் பயிற்சியையும்விட வேகமாக ஒருவரின் வாசிப்பை மாற்றுகிறது.

மூச்சும் அப்படியே. சபை மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் வாங்குங்கள். கிட்டாருக்கு மூச்சு தேவையில்லை என்பதால் வாசிப்பவர்கள் வரிகளை ஒட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள்.

பாமாலைப் புத்தகத்தில் நான்கு குரல் எழுதியிருக்கிறது. நான்கையும் வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். மேல் குரலான சொப்ரானோவும் அடிக்குரலான பேஸும் போதும். அவை இரண்டும் சரியாக நகர்ந்தால் நடுவே இருக்கும் இரண்டு குரல்களைக் காது தானே கற்பனை செய்துகொள்ளும். ஆர்கனுக்காக எழுதிய பாட்டில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் கார்டு மாறும். கிட்டாரில் ஓர் அளவின் முதல் எண்ணிக்கையில் வரும் மாற்றத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். வரி முடியும் இடத்தில் மட்டும் நடுக்குரல்களான ஆல்டோவையோ டெனரையோ சேர்த்து மூன்று குரலாக நிறுத்தினால் நிறைவாக இருக்கும்.

பாமாலைப் பாட்டுகள் பல ஃபிளாட் ஸ்கேல்களில் இருக்கும். சபையோடு சேர்ந்து வாசிக்க வேண்டியிருந்தால் கேப்போ (ஒரு ஃபிரெட்டில் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். இ ஃபிளாட்டுக்கு 1-ம் ஃபிரெட்டில் கேப்போ வைத்து டி கைப்பிடி, ஏ ஃபிளாட்டுக்கு 1-ல் வைத்து ஜி, பி ஃபிளாட்டுக்கு 3-ல் வைத்து ஜி, எஃப்-க்கு 3-ல் வைத்து டி. கடைசி ஆமென், டி ஸ்கேலில் என்றால், ஜி-யிலிருந்து டி. மேலே சொன்ன அதே மோதிர விரல் அசையாமல் நிற்க, அடியில் பேஸ் மட்டும் மாறும்.

கீர்த்தனைகளுக்கு எந்தக் கார்டு போட்டாலும் ஒட்டவில்லையே?

ஒட்டாது. கீர்த்தனை கார்டை நினைத்து உருவானதல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்ற கிறிஸ்தவக் கவிஞர்கள் ராகம், தாளம் குறித்தே எழுதினார்கள். நாம் அதற்குப் பழகிய மூன்று கார்டைப் போடும்போது ராகத்தில் இல்லாத சுரம் கார்டு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. கேட்பவருக்கு ராகத்தின் பெயர் தெரியாது. ஆனால் ஏதோ இடிக்கிறது என்று தெரியும்.

மோகனத்தைப் பாருங்கள். டி சுருதியில், அதாவது இரண்டு கட்டையில், சுரங்கள் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. இதில் ஜி கார்டு போட்டால் மத்தியமம் வருகிறது, மோகனத்தில் மத்தியமம் கிடையாது. ஏ மேஜர் போட்டால் நிஷாதம் வருகிறது, அதுவும் கிடையாது. அமேசிங் கிரேஸில் ஜி போட்டோமே என்றால், அது மேற்கத்திய மெட்டு, அந்த மரபில் அது சரி. மோகனக் கீர்த்தனைக்கு ஜி இருந்த இடத்தில் பி மைனர் போட்டுப் பாருங்கள். பி, டி, எஃப் ஷார்ப் மூன்றும் ராகத்துக்குள் இருக்கின்றன. ஏ மேஜருக்குப் பதில் ஏ, இ என்ற இரண்டு சுரம் மட்டும். அவ்வளவுதான், இடிப்பது நின்றுவிடும்.

மாயாமாளவகௌளை ராகத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ரிஷபம் சுத்த ரிஷபம், டி சுருதியில் இ ஃபிளாட். டி சுருதியில் ஏ மேஜர் கார்டு போட்டால் அதிலிருக்கும் இ, சதுஸ்ருதி ரிஷபமாகி ராகத்தையே உடைத்துவிடும். அந்த ராகத்துக்குள் முழுசாக நிற்கும் கார்டுகள் டி மேஜர், இ ஃபிளாட் மேஜர், ஜி மைனர் போன்றவை. இந்த மூன்றிலேயே ஒரு பாட்டை நடத்திவிடலாம்.

கமகம் (சுரத்தை அசைத்துக் குழைப்பது) அதிகமாக இருக்கும் ராகங்களில் என் தீர்மானம் வேறு: கார்டே வேண்டாம். தம்புரா மாதிரி ஸட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் அடியில் ஓடட்டும். இதற்கு ஆறாம் தந்தியை டி-க்கு இறக்கி, இரண்டாம் தந்தியை ஏ-க்கும் முதல் தந்தியை டி-க்கும் இறக்குங்கள். இப்போது தந்திகள் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. 1960-களில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கலைஞர் வழியாகப் பரவிய டியூனிங் இது. நமக்கு இது ஸ, ப, ஸ, ம, ப, ஸ. மூன்று பேஸ் தந்திகளும் திறந்தபடியே சுருதி போடுவதால் இடதுகை முழுக்க மெட்டுக்குக் கிடைக்கிறது. ஜாரு (சறுக்கல்) கொடுக்கலாம், ஹேமர்-ஆன் (இடதுகை விரலால் தட்டி ஒலிக்கவைப்பது) கொடுக்கலாம், தந்தியை இழுக்கலாம். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: மூன்றாம் தந்தி திறந்திருந்தால் மத்தியமம். மோகனத்தில் அது தவறிக்கூட ஒலிக்கக் கூடாது.

இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட "கருணாமிர்த சாகரம்" என்ற நூல் ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதி என்று வாதிடுகிறது. கிட்டாரின் ஃபிரெட் 12-தான் தரும். மீதி இடத்தை நம் இடதுகைதான் இழுத்தும் சறுக்கியும் காட்ட வேண்டும். ஆனால் வீணையை அப்படியே கொண்டுவர முயல வேண்டாம். வரிக்கு ஓர் இடம், பாடுபவர் வழக்கமாகக் குழைக்கும் அந்த ஒரு சொல்லில் மட்டும் கமகம் வைத்தால் போதும். மற்ற சுரங்கள் நேராக நிற்கட்டும். கீர்த்தனையைக் காப்பாற்றுவதற்கு இதுவே வழி என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் இன்று பல சபைகளில் கீர்த்தனைகள் கீபோர்டு ரிதத்துக்குள் அடைபட்டு மேஜர் ஸ்கேலாகிக்கொண்டிருக்கின்றன. தாத்தா பாடிய ராகம் பேரனுக்குக் கேட்காமல் போகிறது.

தாளத்தை ஒற்றை ஆளாக எப்படிப் பிடிப்பது?

கட்டைவிரல்தான் தாளம். ஆதி தாளத்தில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. மிஸ்ர சாபுவில் ஏழு எண்ணிக்கையை மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்து ஒன்று, நான்கு, ஆறில் பேஸ். முக்கியமாக எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பல கீர்த்தனைகள் தட்டுக்குப் பிறகு தள்ளித் தொடங்கும். அங்கே கட்டைவிரல் தனியாக முதலில் விழ வேண்டும், மெட்டு பின்னால் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக மீட்டினால் முதல் சொல்லே இடம் மாறிவிடும்.

ஐந்து சரணமும் ஒரே மெட்டு. போரடிக்காமல் எப்படி?

ஐந்தையும் வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாடும்போது சொற்கள் மாறுகின்றன, அதனால் ஐந்து தேவைப்படுகிறது. கிட்டாருக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. எந்தச் சரணங்கள் என்பதை மெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வரிகளைப் படித்துத் தேர்ந்தெடுங்கள். சிலுவையைப் பற்றிய சரணம் என்றால் மெட்டைக் கீழ் ஸ்தாயியில், மூன்றாம் நான்காம் தந்திகளில், பேஸே இல்லாமல் தனிக்குரலாக வாசிக்கலாம். உயிர்த்தெழுதலைப் பாடும் சரணத்தில் பேஸ் முழுசாக நடக்கட்டும். பல்லவிக்குத் திரும்பும்போது முதலில் வாசித்த மாதிரியே வாசியுங்கள். கேட்பவருக்கு வீடு திரும்பிய உணர்வு அதில்தான் வரும்.

புதிய ஆராதனைப் பாடல்கள் கிட்டாரில் வெறுமையாக இருக்கின்றன, ஏன்?

பல பாடல்களில் ஒரே சுரம் எட்டுப் பத்து அசைக்குத் தொடர்ந்து வரும். சொற்கள் இருக்கும்போது அது தெரியாது, சொல் போனவுடன் மோர்ஸ் கோடு மாதிரி ஆகிவிடும். அங்கே அசைகளின் ரிதத்தை மட்டும் அப்படியே காப்பாற்றிக்கொண்டு, அடியில் பேஸைப் படிப்படியாக இறக்குங்கள். டி, சி ஷார்ப், பி, ஏ என்று இறங்கினால் மேலே நிற்கும் சுரத்துக்கு ஒவ்வொரு முறையும் புது நிறம் கிடைக்கும். இன்னொன்று, இந்தப் பாட்டுகள் சரணத்தைத் தாழ்த்தி, கோரஸை ஒரு ஸ்தாயி உயர்த்திப் பாடுவதற்காக எழுதப்படுகின்றன. கிட்டாரிலும் அதையே செய்யலாம். பாட்டின் பிரிட்ஜ் பகுதியை எட்டு முறை திரும்ப வாசிக்காதீர்கள், இரண்டு போதும்.

நைலானா, ஸ்டீலா?

இரண்டும் சரி. கீர்த்தனைக்குத் தந்தியை இழுக்க வேண்டியிருப்பதால் ஸ்டீல். பாமாலைக்கும் நிதானமான வாசிப்புக்கும் நைலான் அழகு. நைலான் கிட்டாரின் கழுத்து, தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டில், சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், ஸ்டீலில் பெரும்பாலும் 43. சிறு கை உள்ளவர்கள் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. அண்ணா சாலையில் 1842-லிருந்து தொடர்ந்து வரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கலாம். ஆன்லைனில் கழுத்தின் அகலம் எண்ணாகத்தான் தெரியும், கைக்குத் தெரியாது. ஸ்டீலில் 11-லிருந்து 52 வரை தடிமன் எண் உள்ள செட் விரல் வாசிப்புக்கு இதமானது. கட்டைவிரலுக்கு பிக் வேண்டாம்.

சென்னைக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கிறதே?

உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்த வேலை. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியிலும் மேலிலும் துடையுங்கள். பூச்சுப் பூசிய தந்தி விலை கூடுதல், ஆனால் இங்கே அது வீண் செலவல்ல. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நிச்சயமாகச் சொல்வேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். மே மாதம் பூட்டிய காருக்குள் கிட்டாரை விடவே விடாதீர்கள், பசை இளகிப் பாலம் பெயர்ந்துவிடும். ஏசி ஹாலுக்குள் போனதும் உடனே டியூன் செய்யாமல், கால் மணி நேரம் வெளியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆலயத்தில் கிட்டார் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வாதம் வேண்டாம், மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். கேட்டால் ஒரு தகவல் சொல்லலாம்: உலகம் முழுக்கப் பாடும் "சைலன்ட் நைட்" 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃபில் ஓர் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்டது கிட்டார் துணையோடுதான். ஆனால் அவர்களுடைய கவலையில் நியாயமும் இருக்கிறது. எழும்பூர் கிர்க் ஆலயம் மாதிரி பெரிய குவிமாடம் உள்ள கட்டடத்தில் வேகமான ஸ்ட்ரம்மிங் வெறும் இரைச்சலாகத் திரும்பி வரும். அங்கே சுரங்களைக் குறைத்து, ஒவ்வொன்றும் அடங்கிய பின் அடுத்ததை வாசியுங்கள். கட்டடமே உங்களுக்கு நடுக்குரல்களை நிரப்பிக் கொடுக்கும்.

வழிபாட்டின் எந்தப் பகுதியில் தனி கிட்டார் பொருந்தும்?

ஆராதனை தொடங்கும் முன், காணிக்கை நேரம், திருவிருந்து நேரம். கத்தோலிக்க ஆலயம் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். ரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளில் 313-ம் எண், தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம் என்கிறது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. எனவே தவக்காலத்தின் மற்ற நாட்களில் தனி வாசிப்பு கிடையாது, பாடற்குழுவுக்குத் துணையாக வாசியுங்கள். மற்ற சபைகளில் ஐயரிடமோ (குருவானவர்) பாஸ்டரிடமோ முன்னதாகக் கேட்டுக்கொள்வது மரியாதை. காணிக்கைப் பை பீடத்துக்கு வந்துவிட்டால் எந்த வரியில் இருந்தாலும் அந்த வரியோடு முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். எப்படி?

தனி கிட்டார் வேறெதையும்விடப் பயன்படும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். அபார்ட்மென்ட் ஹாலில் கீபோர்டு வைக்க இடம் இருக்காது. ஸ்பீக்கர் வைக்க மனம் வராது. சோபாவை வெளியே போட்டிருப்பார்கள், நடுவில் ஃப்ரீசர் பெட்டி, சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் செருப்புகள், வந்து போய்க்கொண்டே இருக்கும் ஜனம்.

சுவரோரமாக, குடும்பத்தார் முகத்துக்கு நேரே இல்லாமல் உட்காருங்கள். ஃப்ரீசர் பெட்டியின் கம்ப்ரஸர் ஒரு தாழ்ந்த சுருதியில் உறுமிக்கொண்டே இருக்கும். ஆறாம் தந்தியின் பேஸ் அதில் கரைந்துவிடும். அதனால் பேஸை நான்காம் ஐந்தாம் தந்திகளில் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்குப் பிடித்த பாட்டு எது என்று வீட்டாரில் ஒருவரிடம் மெல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களாகவே சொல்ல விரும்புவார்கள்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டி பாடத் தொடங்கிவிடுவார். அந்தக் கணமே மெட்டை விட்டுவிடுங்கள். மெட்டு இனி அவருடையது. அவருடைய ஸட்ஜமம் உங்கள் ஸ்கேலில் இருக்காது. அடுத்த வரி முடியும்வரை கையை நிறுத்தி, அவர் சுருதியைக் காதில் வாங்கி, கேப்போவை நகர்த்தி, கார்டாகச் சேர்ந்துகொள்ளுங்கள். அவர் நிறுத்தி அழுதால் நீங்கள் அதே வரியின் மெட்டை எடுத்து முடித்துவிடலாம். இதற்காகவே ஒரு பாட்டைத் தனி வாசிப்பாகவும் கார்டாகவும் இரண்டு விதமாகவும் பழகி வைக்கச் சொல்கிறேன். ஜெபம் ஆரம்பித்தால் தந்தியில் கை வைத்து ஒலியை அடக்குங்கள். ஜெபத்துக்கு அடியில் வாசிக்கும் வழக்கம் சில சபைகளில் உண்டு, துக்க வீட்டில் கேட்டாலொழியச் செய்ய வேண்டாம்.

மைக் எங்கே வைப்பது?

கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, ஓர் அடி தூரத்தில். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் பேஸ் பொங்கி ஃபீட்பேக் வரும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதீர்கள், காற்று மைக்கில் அடிப்பது பட்பட்டென்று கேட்கும். கிட்டாருக்குள் பிக்கப் இருந்தால் டிஐ பாக்ஸ் (பிக்கப் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக மிக்ஸருக்குக் கொடுக்கலாம். ஆபரேட்டரிடம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள், ரிவெர்ப் குறைவாக.

பஜனைப் பாடல்களுக்கும் இந்த முறை பொருந்துமா?

பொருந்தும். ராகமும் எடுப்பும் குறித்துச் சொன்னவை அங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும். நாமாவளியில் ஒருவர் சொல்லக் கூட்டம் திருப்பிச் சொல்லும் இல்லையா, அதைக் கீழ் ஸ்தாயியில் ஒருமுறை, மேல் ஸ்தாயியில் ஒருமுறை என்று வாசித்துக் காட்டலாம்.

வாசித்ததை யூடியூபில் போடலாமா?

ஆராதனைக்குள் வாசிப்பது ஒன்று, பதிவு செய்து வெளியிடுவது வேறொன்று. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கின் போக்கில் ஒரு பாடலை நிகழ்த்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் ஒரு மெட்டை வேறு கருவிக்கு மாற்றி அமைப்பதும் அதே சட்டப்படி உரிமையாளருக்குரிய உரிமைதான். எனவே புதிய பாட்டை மாற்றி அமைத்து வெளியிடும் முன் எழுதியவரிடமோ வெளியீட்டாளரிடமோ அனுமதி கேட்க வேண்டும். பாடலின் உரிமை, ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு. உதாரணமாக ஒருவர் 1950-ல் இறந்திருந்தால் 2010 முடிவோடு காலம் முடிந்துவிட்டது. பழைய கீர்த்தனைகள் பல இப்படிப் பொதுச் சொத்தாகிவிட்டவை. பழைய ஆங்கிலப் பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் காலத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். சபைக்குள் அறிமுகமானவர் எழுதிய பாட்டு என்றால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

அமைத்த பாட்டை எழுதி வைக்கவேண்டுமா? டேபா, நொட்டேஷனா?

எழுதியே ஆக வேண்டும், மூன்று மாதத்தில் கை மறந்துவிடும். டேப் (தந்திகளை ஆறு கோடாகவும் ஃபிரெட்டை எண்ணாகவும் எழுதுவது) போதும், ஆனால் ஆறு கோட்டுக்கு அடியில் பாட்டின் வரிகளை அசை பிரித்து, எந்த எண்ணுக்கு எந்த அசை என்று நேராக எழுதுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சாய்கோடு. மேலே மூலையில் ராகமோ ஸ்கேலோ, தாளம், எடுப்பு, டியூனிங், கேப்போ எந்த ஃபிரெட்டில் என்பது. எந்தெந்தச் சரணத்தை வாசிக்கிறீர்கள் என்பதையும் எண் போட்டுக் குறியுங்கள். அந்தத் தாளை இன்னொருவரிடம் கொடுத்தால் அவர் கிட்டாரை எடுக்கும் முன் வரியைப் பாடிப் பார்ப்பார்.